கேடயத்தில் ஏறிய பாண்டித்துரை

பாண்டித்துரை நல்ல மனுஷன். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்வேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரே ரூமில் அவன் மேல்கட்டிலிலும் நான் கீழ்க்கட்டிலிலுமாகப் பல வருஷம் ஓட்டியாயிற்று. அவன் புரண்டு படுத்தால் எனக்கு விழிப்பு வரும். அவனுக்கு ஒரு கஷ்டம் வந்தாலும் அப்படித்தான், முதலில் எனக்குத்தான் தூக்கம் போகும்.

அவனுக்கு ஊர் கமுதிப் பக்கம், எனக்கு அருப்புக்கோட்டை. எங்கள் கம்பெனி கண்காட்சிக்கு அரங்கம் கட்டும், ஷூட்டிங்குக்கு செட் போடும். அவன் தச்சன். நான், சேதுபதி, ஃபைபர் வார்த்துப் பெயிண்ட் அடிக்கிறவன். அவன் நல்ல உயரம். குரலோ அதைவிடப் பெரிசு. ரூமில் உட்கார்ந்து "உப்பு எங்கடா?" என்று கேட்டால் பக்கத்து ரூம்காரன் எழுந்து தேடுவான்.

இந்த உயரமும் குரலும்தான் அவனுக்குப் பிடித்த சனியன். நாங்கள் தங்கியிருக்கிற லேபர் கேம்ப்பில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லையா, டூட்டி பஸ் வரவில்லையா, எல்லாக் கண்ணும் அவன் பக்கம் திரும்பிவிடும். "பாண்டியண்ணே, நீங்க ஒரு வார்த்தை கேளுங்கண்ணே" என்று அருள்ராஜ் ஆரம்பிப்பான். அருள்ராஜ் எங்கள் ரூமில்தான் இருக்கிறான். அடுத்தவனை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்று கை தட்டுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. இவனும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு நாக்கே வராது. மோட்டார் ஓடும், பஸ் வரும். அவன் லீவு மட்டும் காணாமல் போகும்.

லீவு என்றால் சும்மா ஊர் சுற்றுகிற லீவு இல்லை. அவனுக்கு ஒரே தங்கை, பத்மா. பத்மாவின் மகள் நாகஜோதிக்கு இன்னும் காது குத்தவில்லை. பிள்ளைக்கு எட்டு வயசு ஆகிறது! எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். அதிலும் இவர்கள் வீட்டு வழக்கம், மாசிக் களரிக்குக் குலதெய்வம் கோயிலில் வைத்துத்தான் குத்த வேண்டும். களரி சிவராத்திரியை ஒட்டி வருஷத்துக்கு ஒரு தடவைதான் வரும். தவறினால் அடுத்த மாசிதான். மொட்டையெல்லாம் எப்போதோ அடித்தாகிவிட்டது. காது மட்டும் மாமனுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

முதலில் கொரோனாவில் விமானம் நின்றது. அது தெய்வக்குற்றம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கப்புறம் ஒரு மாசி மோட்டார் பேசப் போனதில் போனது, ஒரு மாசி பஸ் பேசப் போனதில் போனது. நடுவில் மேனேஜர் வேறு மாறிக்கொண்டே இருந்தார். ஒருத்தர் லீவுக்குச் சரி என்பார், மாசி வருவதற்குள் அவரே போய்விடுவார். புதிதாக வருகிறவர் "பழையவர் சொன்னது எனக்குத் தெரியாது" என்பார். நாகஜோதி பள்ளிக்கூடத்துக்கு ஒட்டுகிற கம்மலை ஒட்டிக்கொண்டு போகிறதாம். வேர்த்தால் விழுந்துவிடுமாம். கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, பாண்டித்துரையை நாலு சாத்து சாத்தலாம் போல வந்தது.

இந்த வருஷம் புது மேனேஜர் வந்த உடனேயே நானே கூடப் போய் நின்று லீவுக்குச் சரி வாங்கினேன். வாசலில் வைத்தே அவனிடம் சத்தியம் வாங்கினேன்.

"களரி முடியிற வரைக்கும் எவன் கூப்பிட்டாலும் போகக்கூடாது. வாயத் தொறக்கக்கூடாது. தங்கச்சி மக மேல சத்தியம் பண்ணு."

"பிள்ள மேல எதுக்குய்யா சத்தியம்? எம்மேலயே பண்றேன்," என்றான் பாண்டித்துரை. "களரி வரைக்கும் நான் ஊமை மாப்ள."

அந்தச் சமயத்தில்தான் ரோமாபுரி வந்து சேர்ந்தது.

வெளிநாட்டு டிவி கம்பெனி ஒன்று ரோமாபுரிப் படையைப் பற்றிப் படம் எடுக்க வந்திருந்தது. மதாம் என்கிற ஊருக்குப் பக்கத்து மணல்மேட்டில் செட். கேடயம், ஈட்டி, கூடாரம் எல்லாம் எங்கள் பட்டறையில்தான் செய்தோம். பாண்டித்துரை ப்ளைவுட்டில் நீளச் சதுரமாகக் கேடயம் அறுத்தான், நான் சிவப்பு அடித்தேன். லாரியில் ஏற்றுகிற அன்றைக்கு யாரோ ஒரு புரொபசர் போட்டோவைப் பார்த்துவிட்டு, படத்தில் வருகிற காலத்தில் படையிடம் இந்தக் கேடயம் இல்லை, முட்டை வடிவம்தான் என்று சொல்லிவிட்டாராம். அத்தனையையும் மறுபடி அறு, மறுபடி தேய், மறுபடி அடி. அறுக்கிறதுக்கு முன்னால் கேட்கக் கூடாதா? புரொபசருக்கு வாய் அப்போது எங்கே போயிற்று என்று நான் கத்தினேன். பாண்டித்துரை ஊமை அல்லவா, பேசாமல் ரம்பத்தை எடுத்தான்.

டிவி கம்பெனியில் மஹதி என்று ஒரு தமிழ்ப் பெண் உதவி டைரக்டராக இருந்தாள். துபாயிலேயே பிறந்து வளர்ந்தவள். நல்ல பெண், எங்களிடம் நின்று பேசுவாள். முட்டைக் கேடயத்துக்குப் பூச்சு காய்ந்துகொண்டிருந்தபோது கதையைச் சொன்னாள்.

"அங்கிள், அந்த டைம்ல ரோம்ல எம்பரர் யாருன்னு டிசைட் பண்ணது ஆர்மிதான். திடீர்னு ஒரு ஜெனரலைப் பிடிச்சு, இவர்தான் எங்க ராஜான்னு தூக்கிடுவாங்க. பிடிக்கலைன்னா அவங்களே கொன்னுடுவாங்க. ஃபிஃப்டி இயர்ஸ்ல ட்வென்ட்டிக்கும் மேல எம்பரர்ஸ்! ஃபுல் க்ரைசிஸ்."

"அந்த ஆளு வேணாம்னு சொல்லிட்டா?" என்று கேட்டான் பாண்டித்துரை.

"எப்படிச் சொல்றது? வேணாம்னா தூக்குன சோல்ஜர்ஸே கொல்லுவாங்க. ஓகேன்னா பழைய எம்பரர் கொல்ல வருவார்."

பாண்டித்துரை உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "நம்ம கேம்ப்புக்கு வந்து பாத்து எழுதியிருப்பாங்க போலயே மாப்ள," என்றான்.

படைக்குச் சொல்லி வைத்திருந்த ஆட்கள் பாதிப் பேர் வரவில்லை. பட்டறை ஆட்களையே சிப்பாயாக நிறுத்துங்கள் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். மரம் அறுத்தவன், வயர் இழுத்தவன், வெல்டிங் அடித்தவன் எல்லாரும் ரோமாபுரிப் படையானோம். இரும்புச் சங்கிலிச் சட்டை என்று கேமராவில் தெரியும். அசலில் அது தடிக் கயிற்றில் பின்னி வெள்ளிப் பெயிண்ட் அடித்தது. முதுகுப் பக்கம் முடிச்சு. இன்னொருத்தன் அவிழ்த்து விட்டால்தான் கழற்ற முடியும். கழற்றினால் பெயிண்ட் உதிரும் என்பதால் காலையில் மாட்டினால் சாயங்காலம்தான் கழற்ற வேண்டும் என்று ஒரு சட்டம்.

செட்டில் இரண்டு கழிப்பறைப் பெட்டிகள் கொண்டு வந்து வைத்திருந்தார்கள். இரண்டுக்கும் பூட்டு. சாவி எங்கள் கம்பெனி சூப்பர்வைசர் ரோஹித்தின் பாக்கெட்டில் இருக்கும். க்ரூவுக்கு மட்டுமாம், நாங்கள் க்ரூ இல்லையாம். முதல் நாளே போய்க் கேட்டதற்கு ரோஹித் மணல்மேட்டைக் கை காட்டி, "இத்னா படா டெசர்ட் ஹை பாய்!" என்று சிரித்தான். இவ்வளவு பெரிய பாலைவனம் இருக்கிறதாம். கயிற்றுச் சட்டையை அவிழ்க்க ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு, மேட்டுக்குப் பின்னால் போய்விட்டு, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர வேண்டும். போகாமல் இருப்பதற்காகப் பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள்.

"பாண்டியண்ணே, இதையாச்சும் நீங்க கேக்கணும்ணே," என்று அருள்ராஜ் ஆரம்பித்தான்.

"அவன் ஊமை. நீ போய்க் கேளு, உனக்கும் வாய் இருக்குல்ல?" என்றேன் நான். அருள்ராஜ் ஹெல்மெட்டை நேராக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

களரிக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அன்றைக்குக் காலையில் படை ஒருத்தரை ராஜாவாக்குகிற காட்சி. ஊதாப் போர்வை போட்டுக் கேடயத்தில் நிற்க வைத்துத் தோளில் தூக்க வேண்டும். டைரக்டருக்கு அப்படித்தான் வேண்டுமாம். தூக்குவதற்கென்றே பெரிய கேடயம் ஒன்றைப் பாண்டித்துரை அடியில் சட்டம் கொடுத்துச் செய்திருந்தான். தூக்குகிற ஆட்கள் எல்லாம் எங்கள் பக்கத்துக்காரர்கள். அங்கேதான் வினை. சின்ன வயசிலிருந்து சாமி தூக்கிப் பழகிய தோள். சுமை ஏறிய உடனே கால் தன்னால் ஆட ஆரம்பித்துவிட்டது. மூன்று எட்டு முன்னால், இரண்டு எட்டு பின்னால், நடுவில் ஒரு குலுக்கு. மேலே நின்ற வெள்ளைக்கார நடிகர் கையை விரித்துக்கொண்டு அலறினார். "ஸ்ட்ரெயிட்டா போங்க அங்கிள், ஸ்ட்ரெயிட்டா!" என்று மஹதி பின்னால் ஓடி வந்தாள். அடுத்த தடவை நேராகத்தான் போனோம், பத்து எட்டு வரைக்கும். அப்புறம் மறுபடி குலுக்கு. ராஜா கீழே இறங்கி மணலில் வாந்தி எடுத்துவிட்டு, வேனுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

ராஜா எழுந்து வருகிற வரைக்கும் படை வரிசையை எடுக்கலாம் என்றார்கள். மேலே ட்ரோன் சுற்றுகிறது, யாரும் அசையக் கூடாது. என் வரிசைக்கு முன்னால் ராக்கப்பன் அண்ணன் நின்றிருந்தார். எங்களில் மூத்தவர், சர்க்கரை வியாதிக்காரர். அவரால் அடக்க முடியாது, எல்லாருக்கும் தெரியும். இரண்டு தடவை ரோஹித்திடம் கேட்டார். "ஷாட் முடியட்டும்" என்றான் ரோஹித். ட்ரோன் சரியாகப் போகவில்லை என்று ஷாட்டை மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் எடுத்தார்கள்.

அவருடைய பேண்ட் நனைந்து கருத்துக்கொண்டே கீழே போனதைப் பார்த்தேன். காலடி மணல் நனைந்தது. பின்னாலிருந்து எவனோ ஒருத்தன் சிரித்தான், அப்புறம் அவனும் நிறுத்திக்கொண்டான். ராக்கப்பன் அண்ணன் கேடயத்தை நகர்த்தி இடுப்புக்கு முன்னால் வைத்துக்கொண்டார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஊரில் பேரன் பேத்தி எடுத்த மனுஷன். பாண்டித்துரையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். அவன் தாடை இறுகுவதைப் பார்த்ததும் எனக்கு ராக்கப்பன் அண்ணன் மறந்துபோய், களரி ஞாபகம் வந்தது.

ராஜாவுக்கு இன்னும் தலை சுற்றுகிறதாம். முதுகு தெரிகிற மாதிரி தூரத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதே உயரத்தில் ஒரு ஆள் வேண்டும் என்றார் டைரக்டர். எங்களில் அந்த உயரம் யார்? தலையில் அடித்துக்கொண்டேன். மஹதி ஊதாப் போர்வையைக் கொண்டுவந்து பாண்டித்துரை தோளில் போட்டாள். எங்களைத் தூக்கச் சொன்னார்கள். முன்பக்க இடது மூலை என்னுடையது.

ஏறியவன் தடுமாறவே இல்லை. சாமியோடு சப்பரத்தில் நின்று பழகியவன் மாதிரி நின்றான். படை முழுக்க ஓ என்று கத்தியது. சொல்லிக் கொடுத்த கத்தல் இல்லை, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது. கேடயத்தில் ஈட்டியால் தட்டினார்கள்.

"அண்ணே! இப்பக் கேளுங்கண்ணே! எல்லாரும் இருக்காங்க!" என்று பின்னாலிருந்து அருள்ராஜ் கூவினான்.

"யோவ், வாயத் தொறந்த, அப்படியே கீழ போட்டுருவேன்!" என்றேன் நான், தலையைத் தூக்காமல். "களரி! களரிய நெனச்சுக்க!"

மேலே அவன் கால் ராக்கப்பன் அண்ணன் நின்ற பக்கம் திரும்புவது என் தோளுக்குத் தெரிந்தது. அப்புறம் அந்தப் பாழாய்ப்போன குரல் வந்தது.

"ரோஹித் பாய்! சாபி தோ!"

மணல்மேடு முழுக்கக் கேட்டிருக்கும். "சாவி! சாவி!" என்று படை பிடித்துக்கொண்டது. கால்கள் ஆட ஆரம்பித்தன. மூன்று எட்டு முன்னால், இரண்டு எட்டு பின்னால். டைரக்டருக்குக் கண் பளபளத்தது, கட் சொல்லவே இல்லை. போதுமான அளவு எடுத்துக்கொண்ட பிறகுதான் என்ன கேட்கிறார்கள் என்று மஹதியிடம் கேட்டார். அவள் சொன்னாள். அவர் முகம் சிவந்து, சாவியைக் கொடுத்துத் தொலை என்கிற மாதிரி ரோஹித்தைப் பார்த்துக் கத்தினார். ரோஹித் ஓடிவந்து சாவியை நீட்டினான். பாண்டித்துரை மேலிருந்து குனிந்து வாங்கி, ராக்கப்பன் அண்ணனைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்தான்.

"இப்ப எறக்குங்கடா," என்றான். ஒருத்தனும் இறக்கவில்லை. இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் இறக்கினார்கள்.

செட்டைப் பார்க்க அன்றைக்குத்தான் எங்கள் புது மேனேஜரும் வந்திருந்தார். கார் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். கோபமே படவில்லை. ஊதாப் போர்வையில் இருந்த ஆளை மட்டும் பார்த்தார். ரோஹித்திடம் ஏதோ கேட்டார், ரோஹித் பெயரைச் சொன்னான்.

மறுநாள் காலையில் பாண்டித்துரையை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"கலாஸ்," என்றான். "விசா கேன்சல். நாளைக்கு டிக்கெட்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை. ரோஹித்திடம் போனேன், என் கையில் எதுவும் இல்லை பாய் என்றான். அருள்ராஜிடம் போனேன். "நேத்து அந்தக் கத்து கத்துன? இப்ப வா, எல்லாரும் சேந்து ஆபீசுக்குப் போவோம்." அருள்ராஜ் ஒரு கேடயத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்த இடத்தையே தேய்த்தான். ஒவ்வொருத்தனாகக் கேட்டேன். தூக்கின தோள்களில் ஒன்றுகூட நிமிரவில்லை. கொல்லுவதற்குக் கத்தி வேண்டும் என்று யார் சொன்னது?

ரூமில் பாண்டித்துரை பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். சிரிக்க வேறு செய்தான், படுபாவி.

"களரிக்குப் போயிருவேன்ல மாப்ள. அதுக்குத்தானே இம்புட்டுப் பாடு?"

"லீவுல போறதும் இதுவும் ஒண்ணாய்யா? திரும்பி வரமுடியாதுய்யா!"

அவன் உளிகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தான். கை நின்றது. "சரசுகிட்ட இன்னும் சொல்லல," என்றான். சரசு அவன் மனைவி. "லீவுன்னுதான் சொல்லியிருக்கேன். காது குத்து முடியட்டும், பெறகு சொல்லிக்கிறேன். பிள்ள சந்தோசமா இருக்கையில எதுக்கு?"

"நீ ஏன்யா வாயத் தொறந்த?"

"மேல நின்னா எல்லாம் தெரியுதுய்யா," என்றான். "கீழ நிக்கையில நமக்கு முன்னாடி நிக்கிறவன் முதுகுதான் தெரியும். மேல ஏறுனா, ராக்கப்பண்ணன் இன்னும் கேடயத்த வச்சு மறைச்சுக்கிட்டு நிக்கிறது தெரியுது. எப்படிப் பாத்துக்கிட்டே நிக்கிறது?"

நான் பெட்டியை இழுத்துக் கட்டினேன். சொல்லவேண்டியதை எல்லாம் பல வருஷமாகச் சொல்லிவிட்டேன். விமான நிலையத்துக்கு ராக்கப்பன் அண்ணன்தான் கூடப் போனார்.

சிவராத்திரிக்கு மறுநாள் காலையில் செட்டில் நாங்கள் கயிற்றுச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது வீடியோ கால் வந்தது. ஹெல்மெட்டும் கையுமாக எல்லாரும் என் போனைச் சுற்றி நின்றார்கள். கோயில் வாசலில் பாண்டித்துரை வேட்டியோடு மனையில் உட்கார்ந்திருந்தான். மடியில் நாகஜோதி. எட்டு வயசுப் பிள்ளை மாமன் மடியில் எப்படி அடங்கும்? கால் இரண்டும் தரையில் கிடந்தன, தலை அவன் மோவாயை இடித்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளை அழவில்லை, மாமன்தான் கண்ணை மூடிக்கொண்டான். பின்னால் சரசு எல்லாருக்கும் பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரித்த முகம், இன்னும் எதுவும் தெரியாத முகம்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், ராக்கப்பன் அண்ணன் கழிப்பறைப் பக்கமிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். பூட்டு மறுபடியும் தொங்கியது. சாவி கொடுத்தது அன்றைக்கு மட்டும்தானாம், மேனேஜர் சொல்லிவிட்டாராம். அருள்ராஜ் என்னைப் பார்த்தான். அவன் பக்கத்திலிருந்தவனும் பார்த்தான். அப்புறம் எல்லாரும் பார்த்தார்கள்.

"என்னைய ஏண்டா பாக்குறீங்க?"

"சேதுண்ணே..." என்று ஆரம்பித்தான் அருள்ராஜ்.

"அடிச்சுருவேன்! எனக்கும் பொண்டாட்டி பிள்ள இருக்கு!"

அந்த நேரம் பார்த்து மஹதி வந்தாள், கையில் ஊதாப் போர்வை. "அங்கிள், அந்த பேக் ஷாட் கன்டினியூவிட்டி கொஞ்சம் பாக்கி. பாண்டி அங்கிள் இல்ல. உங்களுக்கும் அவர் ஹைட்தானே?" என்றாள்.

அவன் உயரம் எனக்கு இல்லை. கொஞ்சம் குட்டைதான். அதைச் சொல்வதற்குள் போர்வை தோளில் விழுந்துவிட்டது, காலுக்கடியில் கேடயம் வந்துவிட்டது, தூக்கிவிட்டார்கள். நேராகப் போங்கடா என்று கெஞ்சினேன். மூன்று எட்டு முன்னால், இரண்டு எட்டு பின்னால். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் போர்வையைப் பிடித்துக்கொண்டேன். வாயை இறுக மூடிக்கொண்டேன். களரிக்குப் போகிற அவசரம்கூட எனக்குக் கிடையாது. எனக்கு இந்த வேலைதான் வேண்டும்.

அவன் சொன்னது சரிதான். மேலே நின்றால் எல்லாம் தெரிகிறது. கேமரா தெரிகிறது. பூட்டுத் தெரிகிறது. வரிசையின் முன்னால் ராக்கப்பன் அண்ணன், இன்னும் எதுவும் நடக்கும் முன்னாலேயே, கேடயத்தை இடுப்புக்கு முன்னால் வைத்துக்கொண்டு நிற்பதும் தெரிகிறது.

பாண்டித்துரையை வாயில் வந்தபடியெல்லாம் திட்டினேன், மனசுக்குள். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ரோஹித் பாய்," என்றேன். "சாபி தோ."